நான்கு இதழ்த் தொடரின் எண்பதாவது இதழ்

வாசகர் கேள்வி–பதில்

பொம்மை நிறுவனங்களுக்காக எழுதப்பட்ட படக்கதைகளைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வருமென்று நினைக்கவில்லை. பெரும்பாலானவை டிரான்ஸ்ஃபார்மர்ஸ் காமிக்ஸைப் பற்றியவை. லாரியாகவும் காராகவும் விமானமாகவும் மடங்கி, விரித்தால் ரோபோவாகும் பொம்மைகளுக்காகப் பிறந்த கதை அது. ஒரு வாசகர் மட்டும் தம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் மீது கோவைக்கொடி படர்ந்திருப்பதாக எழுதியிருந்தார். அக்கடிதத்தை உரிய இடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

கே: எடைக்கு வாங்கிய பழைய புத்தகக் கட்டில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஆங்கில இதழ் ஒன்று கிடைத்தது. அதன் அட்டையில், 'நான்கு இதழ்கள் கொண்ட தொடரில் 80-ஆவது இதழ்' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இது அச்சுப்பிழையா? — வாசகர், கும்பகோணம்.

பிழையன்று, தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டு விடைபெற்றவர்களின் குறும்பு. அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1984 செப்டம்பர் தேதியிட்டு முதல் இதழை வெளியிட்டபோது, நான்கே இதழ்களில் கதையை முடித்துவிடுவதாகத்தான் திட்டம். முதல் இதழின் அட்டையிலும் அவ்வாறே அறிவித்திருந்தார்கள். பொம்மைகள் விற்ற வேகத்தில் கதையை நிறுத்த மனம் வராமல், ஐந்தாம் இதழிலிருந்து அதை மாதத் தொடராக்கினார்கள். ஏழாண்டுகள் ஓடி 1991 ஜூலை தேதியிட்ட இதழோடு தொடர் நின்றபோது, பழைய அறிவிப்பைத் தூசு தட்டி எடுத்து எண்ணை மட்டும் மாற்றி அட்டையில் போட்டார்கள். உங்கள் கையில் இருப்பது அந்தக் கடைசி இதழ். அதை எடைக்குப் போட்டவர் யாரோ, விவரம் தெரியாதவர். நீங்கள் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கே: பொம்மை விற்பதற்காக எழுதப்பட்டதைக் கதை என்று ஏற்க முடியுமா? 'அது பல பக்கத்து விளம்பர நோட்டீசு' என்கிறார் என் அண்ணன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் மறுக்கவும் தெரியவில்லை. — கல்லூரி மாணவி, மயிலாடுதுறை.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது; அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். ஜப்பானின் டகாரா நிறுவனம் டயாக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்ற பெயர்களில் விற்றுவந்த பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் உரிமம் பெற்று, 1984-இல் புதுப்பெயரிட்டுக் கடைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் பொம்மை விளம்பரங்களில் எவ்வளவு நேரம் கார்ட்டூன் காட்டலாம் என்பதற்கு வரம்பு இருந்தது. காமிக்ஸ் புத்தகத்துக்கான விளம்பரத்தில் அந்த வரம்பு இல்லை. ஆகவே பொம்மையின் பெயரிலேயே ஒரு காமிக்ஸ் இருந்தால், புத்தகத்தை விளம்பரப்படுத்தும் சாக்கில் பொம்மையையும் ஓடவிடலாம். 1982-இல் ஜி.ஐ. ஜோ என்ற படைவீரர் பொம்மைகளை வைத்து இந்த வித்தையை ஹாஸ்ப்ரோ ஏற்கெனவே செய்து பார்த்திருந்தது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் காமிக்ஸ் பிறந்த நோக்கம் வணிகம்தான் என்பதில் வழக்கே இல்லை.

இனி மறுபாதி. டயாக்ளோன் கார்களின் உள்ளே கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஓட்டுநர் பொம்மை ஒன்று உட்காரும்; அந்த ரோபோக்கள் உயிரற்ற இயந்திரங்கள், மனிதன் ஓட்டுபவை. ஹாஸ்ப்ரோ அந்த ஓட்டுநரை நீக்கிவிட்டு, இயந்திரத்துக்கே உயிர் உண்டு என்று கதையை மாற்றச் சொன்னது. ஆனால் அச்சு பழையது என்பதால் இருக்கை மட்டும் பொம்மையில் அப்படியே நின்றுவிட்டது. கதவைத் திறந்தால் காலி இருக்கை தெரியும். அந்த இருக்கையில் யாரை உட்கார வைப்பது என்பதுதான் மார்வெலின் எழுத்தாளர்களுக்கு வந்த வேலை. ஆட்டோபாட், டிசெப்டிகான் என்ற இரு கூட்டத்தாரின் போர் என்னும் அடித்தளத்தை அப்போதைய தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் எழுதினார். நல்லவர்களான ஆட்டோபாட்களின் தலைவனுக்கு ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரை டென்னிஸ் ஓ'நீல் வைத்தார். மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரும் குணமும் பேச்சும் கொடுத்தவர் பாப் புடியான்ஸ்கி என்ற மார்வெல் ஆசிரியர். அதுவும் சில நாள் அவகாசத்தில். வில்லனுக்கு மெகட்ரான் என்று அவர் பெயர் வைத்தபோது, கேட்கவே பயங்கரமாக இருக்கிறதே என்று ஹாஸ்ப்ரோ தயங்கியதாம். தலைமை வில்லன் பயங்கரமாக இல்லாமல் வேறு எப்படி இருப்பான் என்று இவர் கேட்க, பெயர் நிலைத்தது.

நம் பக்கத்துக் கோயில் புறப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உற்சவர் வீதிவலம் வருகையில் ஒவ்வொரு மண்டகப்படியிலும் நின்றே ஆக வேண்டும். கட்டளைதாரர் காத்திருக்கிறார், தீபாராதனை உண்டு, மரியாதை உண்டு. எங்கே நிற்பது, எத்தனை முறை நிற்பது என்பதில் நாகசுரக்காரருக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் ஒரு மண்டகப்படிக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தெருவில் எந்த ராகத்தை எடுப்பது, எவ்வளவு நேரம் ஆலாபனை செய்வது என்பது அவர் கையில் இருக்கிறது. விடிய விடியத் தெருவில் நின்று கேட்ட ஊர்க்காரர்கள் பேசுவது அந்த இடைவெளிகளைப் பற்றித்தான். புடியான்ஸ்கியின் நிலையும் அதுவே. இந்தப் பருவத்தில் இன்னின்ன பொம்மைகள் கடைக்கு வருகின்றன, இன்னின்னவை விலகுகின்றன என்று பட்டியல் வந்துகொண்டே இருக்கும். வந்தவரை அறிமுகப்படுத்தவும் போனவரை ஒதுக்கவும் அவர் கடமைப்பட்டவர்.

இரண்டு மண்டகப்படிகளுக்கு இடையே அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நான்காம் இதழின் முடிவில் நல்லவர்கள் வென்றுவிடுகிறார்கள். திட்டப்படி 'சுபம்' போட வேண்டிய இடம். அந்த நேரத்தில் ஷாக்வேவ் என்ற ஊதா நிற ரோபோ உள்ளே நுழைந்து வெற்றி பெற்றவர்கள் அனைவரையும் சுட்டு வீழ்த்துகிறான். தொடர் நீடிக்கப்போகிறது என்ற செய்தியையே கதையின் இடியாக மாற்றிவிட்டார்கள். புடியான்ஸ்கி எழுதத் தொடங்கிய ஐந்தாம் இதழின் அட்டையை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு நண்பரின் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தபடி. ஷாக்வேவின் ஒரு கை முழுவதும் துப்பாக்கி. அதன் வாயில் புகை. பின்சுவரில் அவன் சுட்டே எழுதிய எழுத்துகள்: 'டிரான்ஸ்ஃபார்மர்கள் அனைவரும் செத்துவிட்டார்கள்.' தொடரின் பெயரே அந்த வாக்கியத்துக்கு எழுவாயாகியிருந்ததைக் கவனித்தபோது ஊஞ்சலை நிறுத்திவிட்டேன். உள்ளே, ஆப்டிமஸ் பிரைமின் தலை வேறு, உடல் வேறாகக் கிடக்கிறது. தப்பியவர் ராட்செட் என்ற மருத்துவர் ஒருவரே. ஆம்புலன்ஸ் வண்டியாக மடங்கும் அந்தப் பொம்மைக்கு உண்மையில் தலையே கிடையாது. முன்கண்ணாடிக்குப் பின்னால் முகம் வரைந்த ஓர் ஒட்டுத்தாள்தான் இருக்கும். தலையில்லாத அந்தப் பொம்மைக்கு ஓவியர்கள் தலை கொடுத்தார்கள். புடியான்ஸ்கி பயத்தைக் கொடுத்தார். போர் தெரியாத வைத்தியர் தனியாளாக நின்று, தன் கூட்டத்தாரை மீட்க யாரைத் துணைக்கு அழைப்பது என்று தவிக்கிறார். அவர் தேடிப்போய் எழுப்புவது டைனோபாட்களை. அதாவது 1985-இல் கடைக்கு வந்த டைனோசர் பொம்மைகளை! மண்டகப்படி வந்துவிட்டது. ஆனால் அதற்குள் வாசகனே, 'யாராவது வரமாட்டார்களா' என்று ஏங்கும் இடத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தான்.

எல்லா இதழும் இப்படி என்று நான் வாதாட மாட்டேன். கார் கழுவும் நிலையத்தில் ஆட்களின் மூளையைச் சலவை செய்வதாக ஒரு கதை 31-ஆம் இதழில் வருகிறது. அதை உங்கள் அண்ணன் கண்ணில் காட்டாதீர்கள். 55-ஆம் இதழ் வரை எழுதிக் களைத்துப்போன புடியான்ஸ்கி விலக, 56-ஆம் இதழிலிருந்து இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் ஃபர்மன் பொறுப்பேற்றார். பட்டியலோ இவருக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. பட்டியல் எழுதியவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

கே: காலாண்டு விடுமுறைக்கு வந்த ஒன்பது வயதுப் பேரன், சிவப்பு லாரி ரோபோவைக் கொலுப்படியில் வைக்க வேண்டும் என்று அடம் பிடித்தான். வைத்த மறுநாள், 'பாட்டி, கதையில் இவர் செத்துப்போய்விட்டார், தெரியுமா?' என்று கேட்டு அழுகிறான். கதாநாயகனை யாராவது சாகடிப்பார்களா? எந்தப் படியில் வைப்பது என்றும் சொல்லுங்கள். — வாசகி, மன்னார்குடி.

சாகடித்தார்கள், அம்மா, ஒரு முறை அல்ல. அந்தச் சிவப்பு லாரிதான் ஆப்டிமஸ் பிரைம். 1986-இல் வந்த திரைப்படத்தில் அவர் இறந்ததற்குக் காரணம் கடைக்கணக்கு. பழைய பொம்மைகள் விலகிப் புதியவை வர வேண்டியிருந்தது. திரையரங்கிலேயே பிள்ளைகள் அழுத அழுகையைக் கண்டு மிரண்டு, அடுத்து வரவிருந்த ஜி.ஐ. ஜோ படத்தில் இறப்பதாக இருந்த வீரனை, நினைவிழந்து கிடப்பதாக மாற்றினார்கள் என்பது வரலாறு. உங்கள் பேரன் அழுததற்கு அந்த ஊர்ப் பிள்ளைகளே சாட்சி.

காமிக்ஸில் அவருடைய சாவு வேறு விதம். 1987 ஜனவரி தேதியிட்ட 24-ஆம் இதழில் வரும் அதைத்தான் அவன் படித்திருப்பான் என்று ஊகிக்கிறேன். ஆப்டிமஸ் பிரைமும் மெகட்ரானும் ஒரு கணினி விளையாட்டுக்குள் மோதித் தங்கள் வழக்கைத் தீர்த்துக்கொள்வதென்றும், தோற்ற தலைவனை வெடிவைத்து அழிப்பதென்றும் உடன்படிக்கை. ஆப்டிமஸ் வென்றுவிடுகிறார். ஆனால் வென்ற வேகத்தில், விளையாட்டுக்குள் இருந்த அப்பாவி உருவங்கள் சில மாண்டுபோகின்றன. அவை வெறும் புள்ளிகள், உயிரில்லாதவை. இருந்தாலும், அப்பாவிகளைப் பலிகொடுத்துப் பெற்ற வெற்றி வெற்றியல்ல, நான் தோற்றவனே என்று அறிவித்து, தம்மை வெடித்துவிடும்படி அவரே கேட்டுக்கொள்கிறார். பொம்மைக் கடையின் கணக்குக்காக ஒரு பாத்திரத்தை அகற்ற வேண்டியிருந்தபோது, அந்தப் பாத்திரத்தின் நெறியையே அதற்குக் காரணமாக்கியது நல்ல கைவேலை என்று நான் நினைக்கிறேன். கணினி விளையாட்டின் பொருட்டு ஒரு தலைவர் உயிர்விடுவதா என்று சிரிப்பவர்களும் உண்டு, அவர்களோடும் எனக்குச் சண்டையில்லை.

பேரனிடம் இதையும் சொல்லுங்கள்: அந்த விளையாட்டை உருவாக்கிய இளைஞன் ஆப்டிமஸின் மனத்தை ஒரு ஃபிளாப்பி வட்டில் சேமித்து வைத்திருந்தான். 1988-இல் வந்த 42-ஆம் இதழில் புது உடலோடு அவர் திரும்பி வந்துவிட்டார். (அந்தப் புது உடலும் கடையில் கிடைத்தது.)

படியைப் பொறுத்தவரை, மேல்படிகள் கலசத்துக்கும் தெய்வங்களுக்கும் உரியவை. இவரை லாரியாக மடக்கி, தரையில் பிள்ளைகள் போடும் பார்க்கின் சாலையில் நிறுத்திவிடுங்கள். மாலையில் சுண்டல் வாங்க வரும் பிள்ளைகள் கேட்டால் ரோபோவாக விரித்துக் காட்டலாம்.

கே: முதல் பன்னிரண்டு இதழ்களைத் தொகுத்த மறுபதிப்பை வாங்கினேன். அதில் மூன்றாம் இதழின் கதை மட்டும் இல்லை, சுருக்கத்தோடு தாண்டிவிட்டார்கள். ஏன்? — வாசகர், திருவாரூர்.

மூன்றாம் இதழில் ஸ்பைடர்மேன் வருகிறார், அவர்தான் காரணம். 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையும் மார்வெலின் மற்ற நாயகர்களின் கதையும் ஒரே உலகில் நடப்பதாக வைத்திருந்தார்கள். பின்னாளில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் உரிமம் வேறு பதிப்பகத்தின் கைக்கு மாறியபோது, ரோபோக்களை அச்சிட உரிமை இருந்தது, ஸ்பைடர்மேனை அச்சிட இல்லை. பாகப்பிரிவினையில் வயல் ஒருவருக்கும் வாய்க்கால் இன்னொருவருக்கும் போன கதைதான்.

இவ்வகைக் காமிக்ஸில் எழுத்தாளர்கள் உருவாக்கும் பாத்திரங்கள் பொம்மை நிறுவனத்துக்கே சொந்தமாகிவிடும் என்ற அச்சம் எப்போதும் உண்டு. அதற்கு மார்வெல் கண்டுபிடித்த வழி சுவையானது. சர்க்யூட் பிரேக்கர் என்ற மனிதப் பெண் பாத்திரத்தை, டிரான்ஸ்ஃபார்மர்ஸில் அந்த வேடத்தோடு வருவதற்கு முன்பே, தங்கள் சொந்தத் தொடர் ஒன்றில் சிறிது நேரம் தலைகாட்ட வைத்துப் பட்டாவைத் தங்கள் பெயருக்கு எழுதிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் சைமன் ஃபர்மனும் ஓவியர் ஜெஃப் சீனியரும் படைத்த டெத்'ஸ் ஹெட் என்ற கூலிவேட்டை ரோபோவுக்கும் இதே நோக்கத்தோடு ஒரே ஒரு பக்கத்தில் தனிக்கதை போட்டார்கள். அதன் பயனாக அவன் டிரான்ஸ்ஃபார்மர்ஸை விட்டு வெளியேறி டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் காமிக்ஸில் நுழைந்தபோது, மலைபோன்ற அவனுடைய உருவத்தை அத்தொடரின் நாயகரான டாக்டர் மனித அளவுக்குச் சுருக்க வேண்டியிருந்தது. பிறகு அவனுக்கே தனி இதழும் வந்தது.

கே: அமெரிக்கத் தொடர் 80 இதழ், பிரிட்டிஷ் தொடர் 332 இதழ் என்கிறார்கள். எது மூலம்? — வாசகர், நாகப்பட்டினம்.

இரண்டும். 1984 செப்டம்பரில் இங்கிலாந்தில் தொடங்கிய இதழ் முதலில் இரு வாரங்களுக்கு ஒரு முறை வந்தது. 1985-இல் வார இதழாயிற்று. ஓர் அமெரிக்க இதழின் கதையைப் பாதி பாதியாகப் பிரித்துப் போட்டால் இரண்டு வாரம் தாங்கும்; மாதத்தின் மற்ற இரண்டு வாரங்களுக்குக் கதை எங்கிருந்து வரும்? அந்தப் பசிதான் பிரிட்டிஷ் கதைகளைப் பெற்றது. அமெரிக்கக் கதை எங்கும் இடிக்காமல், அதன் சந்துபொந்துகளில் புகுந்து எழுத வேண்டிய இக்கட்டில் ஃபர்மன் தேர்ந்துகொண்ட உத்தி காலப்பயணம். திரைப்படத்தின் கதை 2005-இல் நடப்பது. அதன் வில்லன் கால்வட்ரான் 2006-இலிருந்து பின்னோக்கி 1986-க்கு வந்து இறங்குவதாக 'டார்கெட்: 2006' என்ற நெடுங்கதையை எழுதினார். அமெரிக்கத் தொடர் பக்கத்துத் தெருவில் ஓடிக்கொண்டிருக்க, இவர் இருபது ஆண்டு தள்ளி வீடு கட்டிக்கொண்டார். இன்று வாசிப்பவர் இரண்டையும் தனித்தனியாகவே வாசிக்கலாம். கலந்து வாசித்தால் ஐம்பதாவது பக்கத்தில் தலை சுற்றும்.

கே: இப்போது புதிதாக வாசிக்க எங்கே தொடங்கலாம்? — வாசகர், பட்டுக்கோட்டை.

2023 அக்டோபரில் ஸ்கைபௌண்ட் வெளியீடாக டேனியல் வாரன் ஜான்சன் தொடங்கிய புதிய தொடரிலிருந்து. பழைய கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை. 2024-இல் சிறந்த தொடருக்கான ஐஸ்னர் என்ற அமெரிக்கக் காமிக்ஸ் விருதும் பெற்றது. அது பிடித்திருந்தால் 2012-இல் ஜேம்ஸ் ராபர்ட்ஸ் எழுதத் தொடங்கிய 'மோர் தேன் மீட்ஸ் தி ஐ' தொடருக்குப் போகலாம். போர் முடிந்தபின் வேலையில்லாமல் போன போர்வீரர்களின் கதை அது. பொம்மையை மறந்துவிட்டு வாசிக்க முடிகிறது.

கே: பள்ளிக் கையெழுத்து இதழுக்காக என் மாணவர்கள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையைத் தமிழாக்குகிறார்கள். ஸ்டார்ஸ்க்ரீமை 'விண்மீன் அலறல்' என்று எழுதலாமா? — ஆசிரியர், பாபநாசம்.

வேண்டாம், ஐயா. பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது பெயராக இருப்பதில்லை, பொருளுரையாகிவிடுகிறது. ஒன்று, ஒலியை அப்படியே எழுதுங்கள். இல்லாவிட்டால் புதிதாகவே ஒரு பெயர் வையுங்கள். பிரிட்டிஷ் ரோபோ ஆர்ச்சியைத் தமிழுக்குக் கொண்டுவந்த சிவகாசி லயன் காமிக்ஸ் அவனுக்கு வைத்த அடைமொழி 'சட்டித்தலையன்'. மூலப்பெயரில் சட்டியும் இல்லை, தலையும் இல்லை. படத்தைப் பார்த்து, ஒரு குறும்புக்காரச் சிறுவன் என்ன சொல்லி அழைப்பான் என்று யோசித்து வைத்த பெயர். நாற்பதாண்டு கடந்தும் அந்த வாசகர்களின் வாயில் அந்தப் பெயர் இருக்கிறது. ஸ்டார்ஸ்க்ரீம் யார்? தலைவனுக்கு முன்னால் கும்பிட்டு, முதுகுக்குப் பின்னால் நாற்காலிக்குக் குறிவைக்கும் உபதலைவன். இப்படிப்பட்டவனை உங்கள் ஊரில் என்ன சொல்லி அழைப்பார்கள் என்று மாணவர்களைக் கேளுங்கள்; அகராதி தேவைப்படாது. நல்ல பெயர் கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

கே: என்னிடம் 1980-களின் இதழ்கள் பதினேழு இருக்கின்றன. ஐப்பசி மழைக்குப் பிறகு நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை படிந்திருக்கிறது. காப்பாற்ற வழி உண்டா? — வாசகர், தஞ்சாவூர்.

நடுப்பக்கக் கறை காகிதத்தின் கறையன்று; தைத்த கம்பியின் துரு. இதழை நடுப்பக்கத்தில் விரித்து வைத்து, கம்பியின் இரு கால்களையும் மழுங்கிய கத்திமுனையால் மெல்ல நிமிர்த்தி, மறுபக்கத்திலிருந்து உருவிவிடுங்கள். அதே துளைகளின் வழியே வெள்ளைப் பருத்தி நூலை விட்டு முடிச்சிடலாம். படிந்த கறை போகாது, பரவுவது நிற்கும்.

தாள் பழுப்பாவது வேறு காரணத்தால். செய்தித்தாள் வகைக் காகிதத்தில் நீக்கப்படாமல் இருக்கும் லிக்னின், வெளிச்சமும் காற்றும் பட்டு நிறம் மாறுகிறது. ஆகவே கண்ணாடி அலமாரியில் அடுக்காதீர்கள். மூடிய மரப்பெட்டியில் படுக்கை வசமாக வையுங்கள். மழைக்காலத்தில் பாலிதீன் உறையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் உறையின் வாயைத் திறந்தே வைத்திருங்கள். பூச்சிக்கு உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை போன்றவற்றைப் பொடித்துக் கர்ப்பூரம் சேர்த்துத் துணிமுடிச்சாகக் கட்டிச் சுவடிகளின் அருகே வைக்கும் வழக்கம் உண்டு. சுவடிக்கு ஏற்றது ஷாக்வேவுக்கும் ஏற்கும். பொடி தாளில் நேராகப் படாமல், முடிச்சைப் பெட்டியின் மூலையில் வையுங்கள். வாசம் குறைந்ததும் மாற்றிவிடுங்கள்.